நூறு வயதுக் கோப்பு: ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் ஒரு வயதுச் சரிபார்ப்பு

ஆளை அடையாளம் காண முடியாதபடி, இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் முதியவர்களின் வயதைச் சரிபார்க்கும்போது வழக்கமாக எதிர்ப்படும் தாள்களையும் முரண்களையும் ஒரே ஆளின் கோப்பாக இணைத்து அமைத்த நிகழ்வு இது. அந்த ஆளுக்குரிய திகதிகளும் அளவுகளும் இந்தக் கோப்புக்கு மட்டுமே உரியவை. சட்டங்கள், வரலாற்று ஆண்டுகள், ஆய்வு வரம்புகள் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

கோப்பு திறந்தபோது இருந்த நிலை

ஓய்வுபெற்ற கொழுந்துப் பறிப்பாளர், பெண். கணவர் இல்லை. மகன் வீட்டில், லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) கடைசிக் காம்பராவில் வசிக்கிறார். 2019 மார்ச்சில் தேசிய அடையாள அட்டைப்படி வயது 100. பிறந்த திகதி 14.08.1918. வீட்டார் சொன்னது "நூத்தியொண்ணு நடக்குது". முந்தைய ஆண்டு தோட்டத்துக் கோயிலில் நூறாவது பிறந்தநாள் பூசை நடந்திருந்தது. நீண்ட ஆயுள் பற்றிய ஆய்வுக்கு இரத்த மாதிரி தரக்கூடிய நூறு வயதைக் கடந்தவர் என்று இவரது பெயர் பரிந்துரைக்கப்பட்டது.

அன்றைய உடல் அளவுகள்: கைப்பிடி வலு 17 கிலோகிராம். கதிரையிலிருந்து கைகளை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து அமர 19 செக்கன். நடை வேகம் செக்கனுக்கு 0.7 மீற்றர். கெண்டைக்கால் சுற்றளவு 29 சென்ரிமீற்றர். முதுகு நன்றாகக் கூனியிருந்ததால் உயரத்தை நிற்கவைத்து அளக்காமல் முழங்கால் உயரத்திலிருந்து கணித்தார்கள். வலக்கண்ணில் கண்புரை சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. பல் ஒன்றும் இல்லை.

தசைநலிவுக்கான ஆசியச் செயற்குழு 2019இல் திருத்திய வரம்புகள் பெண்களுக்குக் கைப்பிடி வலு 18 கிலோகிராமுக்குக் கீழ், கெண்டைக்கால் 33 சென்ரிமீற்றருக்குக் கீழ். இருபாலாருக்கும் ஐந்து தடவை எழுதல் 12 செக்கன் அல்லது அதற்கு மேல், நடை வேகம் 1.0 மீற்றருக்குக் கீழ். இவர் எல்லா வரம்புகளிலும் நலிவின் பக்கம்தான் நிற்கிறார். ஆனாலும் நூறு வயதுக்காரர் ஒருவர் 17 கிலோகிராம் அழுத்தி, கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழுகிறார் என்றால் அது அரிய செய்தி. தொண்ணூறைக் கடந்தவர் அதைச் செய்தால், நல்ல உடம்பு என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போகலாம். ஒரே அளவுக்கு எந்தப் பொருள் என்பதைப் பிறந்த ஆண்டு தீர்மானிக்கிறது. அதனால் இரத்தம் எடுத்து வைக்கப்பட்டதே தவிர, வயது முடிவாகும்வரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படவில்லை.

ஏன் இவ்வளவு சந்தேகம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 90 வயதுப் பெண்கள் 10,000 பேர் என்று வைப்போம். நல்ல மருத்துவ வசதியுள்ள நாட்டில்கூட அவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான் நூறைத் தொடுவார். அதாவது 1,000 பேர். இப்போது அந்தத் தொண்ணூறு வயதுக்காரர்களில் நூற்றுக்கு ஐந்து பேரின் தாளில் பத்து வயது கூடிக் கிடந்தால், 500 போலி நூறு வயதுக்காரர்கள் கிடைப்பார்கள். ஐந்து சதவீதப் பிழை, நூறு வயதுப் பட்டியலில் மூன்றில் ஒரு பங்காக ஊதிவிடுகிறது. 110க்கு மேல் போனால் உண்மையானவர்கள் இன்னும் அரிது. பிழை மட்டும் குறையாது. அமெரிக்க மாநிலங்களில் பிறப்புச் சான்றிதழ் முறை வந்த பிறகு 110 வயதைத் தாண்டியவர்களாகப் பதிவானவர்களின் எண்ணிக்கை 69 முதல் 82 சதவீதம்வரை விழுந்ததை ஆய்வாளர் சோல் ஜஸ்டின் நியூமன் காட்டியிருக்கிறார். தாள் திருந்தியதும் அதிசயம் சுருங்கிவிட்டது.

எக்குவடோரின் வில்கபம்பா பள்ளத்தாக்கும் இப்படித்தான். 1970களின் தொடக்கத்தில் அது நூறு வயதுக்காரர்களின் ஊர் என்று உலகமெங்கும் பேசப்பட்டது. 1979இல் ஆய்வாளர்கள் மாசெஸ், ஃபோர்மன் இருவரும் தேவாலயப் பதிவுகளைக் குடும்பம் குடும்பமாக இணைத்துப் பார்த்தபோது அங்கே நூறைத் தொட்ட ஒருவரும் இல்லை. நூறு என்று சொன்னவர்களின் உண்மையான சராசரி வயது 86. ஒரே பெயருடைய உறவினரின் பதிவைத் தம்முடையதாக எடுத்துக்கொண்டது அங்கே முக்கியமான காரணங்களில் ஒன்று. 120 வயது என்று ஏற்கப்பட்டிருந்த ஜப்பானின் ஷிகெசியோ இசுமியின் கோரிக்கையும் பின்னர் ஒதுக்கப்பட்டது. இறந்துபோன அண்ணனின் பதிவு அவருடையதாகக் கொள்ளப்பட்டிருக்கலாம் என்பதே அதன் மேலிருந்த சந்தேகம். இந்த இரண்டு உதாரணங்களையும் மனதில் வைத்துக்கொண்டுதான் மலையகக் கோப்பொன்றைத் திறக்க வேண்டும். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு இடும் வழக்கம் இங்கேயும் இருந்தது.

தோற்றம் உதவாது, எதிர்த்திசையில் இழுக்கவும் செய்யும். உயரம் ஒவ்வொரு 1,000 மீற்றர் கூடும்போதும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. நாற்பது ஆண்டு மலையில் நின்ற முகத்தையும் கழுத்தையும் பார்த்து வயது சொன்னால், சொல்பவர் எப்போதும் கூட்டியே சொல்வார். உள்முழங்கைத் தோலோடு ஒப்பிட்டால் இது உடனே தெரியும். பல்லை வைத்து வயது பார்க்கும் முறைகள், வெற்றிலை போட்டுப் பல் இழந்த தலைமுறையில் தொடங்க முடியாதவை.

முதல் தாள்: அடையாள அட்டை

பழைய அடையாள அட்டை இலக்கமே சில விடயங்களைச் சொல்லும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அதோடு 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்தே எண்ண வேண்டும். இதை மறந்தால், பெப்ரவரிக்கு 28 நாளே உள்ள ஆண்டுகளில் மார்ச் முதலாம் திகதியிலிருந்து எல்லாத் திகதிகளும் ஒரு நாள் தவறும்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் மதிப்பிட்ட வயதில் அட்டை எடுத்தவர்களிடம் ஜனவரி முதலாம் திகதி அளவுக்கு மீறி வரும். பெண்களுக்கு அது 501. அந்த மூன்று இலக்கத்தைக் கண்டால் ஆண்டும் மதிப்பீடுதான் என்று எடுத்துக்கொண்டு, உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கிறதா என்று தேடலாம். 0, 5 என்று முடியும் ஆண்டுகள் குவிவதும் அதே வகைத் தடயம்.

இந்தக் கோப்பில் இலக்கம் 18727 என்று தொடங்கியது. 727இலிருந்து 500ஐக் கழித்தால் 227. அது ஓகஸ்ட் 14. ஆகவே திகதி எவரோ குத்துமதிப்பாகச் சொன்னதல்ல, ஒரு சான்றிதழைப் பார்த்து எழுதியது. வீட்டுத் தகரப் பெட்டியில் அந்தச் சான்றிதழின் பிரதியும் இருந்தது: பெண் பிள்ளை, பெயர் சரி, தகப்பன் பெயர் சரி, தோட்டம் சரி, 14.08.1918. இந்த இடத்தில்தான் பல சரிபார்ப்புகள் திருப்தியோடு மூடப்படுகின்றன. சான்றிதழ் உண்மையானதுதான். அது இவருடையதா என்ற கேள்வியை இன்னும் எவரும் கேட்கவில்லை.

பிரதியின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பிரதி வழங்கிய திகதி அங்கே இருக்கும். இது எடுக்கப்பட்டது 1968இல். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவரானார்கள். 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். அந்த ஆண்டுகளில் இந்த மண்ணில் பிறந்ததற்குச் சாட்சியான ஒரு துண்டுத் தாள் ஒரு குடும்பத்தின் தலைவிதியையே தாங்கி நின்றது. பெயர் ஒத்த தாள் கிடைத்தால் அது எந்தப் பிள்ளையுடையது என்று எவரும் துருவவில்லை, துருவியிருக்கவும் கூடாது. கோப்பில் "வயதைக் கூட்டிச் சொன்னார்" என்று எழுதுவது தவறு. "1968இல் பெறப்பட்ட பிரதி, குடியுரிமைத் தேவைக்குப் பயன்பட்டிருக்கலாம்" என்பதோடு நிறுத்த வேண்டும். இவருக்குக் குடியுரிமை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. அடையாள அட்டை அதற்குப் பின்னர், அதே பிரதியைக் காட்டி எடுத்தது.

இறப்புப் பதிவைத் தேடுதல்

ஒரு பிறப்புச் சான்றிதழைச் சோதிக்க முதலில் தேட வேண்டியது அதே பெயரிலான இறப்புப் பதிவு. பிறந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு, அதே பதிவாளர் பிரிவில் தேடினால் பெரும்பாலும் போதும். குழந்தை இறப்புகள் அந்த இடைவெளிக்குள்தான் குவிந்திருக்கும்.

தேடல் தோற்பதற்குப் பொதுவான காரணம் தோட்டத்தின் பெயர். பதிவேட்டில் இருப்பது ஆங்கிலப் பெயர். வீட்டார் சொல்வது தமிழர் வைத்த பெயர். இரண்டுக்கும் ஒலியில் எந்தத் தொடர்பும் இல்லாமல் இருக்கலாம். டிவிஷன்கள் (தோட்டத்தின் உட்பிரிவுகள்) கைமாறிப் பக்கத்துத் தோட்டத்தோடு சேர்ந்ததும் உண்டு. பெரிய கணக்கப்பிள்ளையாக இருந்த முதியவர் ஒருவரிடம் இரண்டு பெயர்களையும் எழுதி வாங்கிக்கொண்டு போனால் பாதி அலைச்சல் குறையும். பெயரின் எழுத்துக்கூட்டும் அப்படித்தான். ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட ஒரு தமிழ்ப் பெயருக்கு மூன்று நான்கு வடிவங்களையாவது பார்க்க வேண்டும்.

இங்கே 1921இல் ஒரு பதிவு கிடைத்தது: அதே பெயர், அதே தகப்பன் பெயர், அதே டிவிஷன், பெண், வயது மூன்று. இது மட்டும் போதாது. ஒரே டிவிஷனில் ஒரே பெயரில் இரண்டு தகப்பன்மார் இருந்திருக்கலாம். எனினும் ஒரு கருதுகோள் உருவாகிவிட்டது: 1918இல் பிறந்த பிள்ளை 1921இல் இறந்தது, பின்னர் பிறந்த தங்கைக்கு அதே பெயர் இடப்பட்டது, தங்கையின் பிறப்பு பதியப்படவில்லை, அல்லது வேறு எழுத்துக்கூட்டில் கிடக்கிறது. இனி வரும் ஒவ்வொரு தடயமும் 1918க்கு ஒத்துப்போகிறதா, 1921க்குப் பிந்திய ஓர் ஆண்டுக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

பிள்ளைகளின் வரிசை

தீர்ப்பைத் தந்தது இதுதான். எந்த நூறு வயதுக் கோப்பிலும் முதலில் செய்ய வேண்டியதும் இதுவே. செலவில்லை, ஓர் அரை நாள் போதும். பிள்ளைகள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்களையும் வரிசையாக வைத்து, கோரிய பிறந்த திகதியிலிருந்து ஒவ்வொரு பிரசவத்தின்போதும் தாயின் வயதைக் கணிக்க வேண்டும்.

ஏழு பிள்ளைகள்: 1948, 1951, 1954, 1958, 1962, 1967, 1973. தாய் 1918 ஓகஸ்டில் பிறந்தவரானால் முதல் பிரசவம் 29 அல்லது 30 வயதில். 1946இல் கலியாணம் என்பதால் அதுவும் 27, 28இல் வருகிறது. அந்தக் காலத் தோட்டத்துப் பெண்ணுக்கு இது மிகவும் பிந்தியது, ஆனால் நடக்கக்கூடியது. கடைசிப் பிள்ளை 1973 ஜூனில் பிறந்தபோது அவருக்கு 54 வயதும் பத்து மாதமும் ஆகியிருக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டிய இயல்பான கருத்தரிப்பு மிக மிக அரிது. 54இல் என்றால் கோரிக்கையே ஒரு மருத்துவ அதிசயத்தின்மேல் நிற்கிறது. பத்து ஆண்டு பிந்தி, 1928இல் பிறந்தவரானால் அதே பிரசவம் 44 அல்லது 45 வயதில். பிள்ளைகளுக்கு இடையிலான இடைவெளி மூன்று, மூன்று, நான்கு, நான்கு, ஐந்து, ஆறு என்று நீள்வதும் நாற்பதுகளை நெருங்கும் ஒரு தாயின் வரிசையாகத்தான் தெரிகிறது.

இங்கே ஒரு மாற்று விளக்கம் உண்டு. மகளுக்குப் பிறந்த பிள்ளையைப் பாட்டி தன் பிள்ளையாகப் பதிந்திருக்கலாம். 1973இல் மூத்த மகளுக்கு 25, அடுத்த மகளுக்கு 15 வயது. இதைக் கேள்வியாக வீட்டில் வைக்கக்கூடாது. குடும்பத்தைப் புண்படுத்தும், பதிலும் நம்பத்தக்கதாக இராது. தோட்ட மருத்துவமாதின் பிரசவப் பதிவேட்டைத் தேட வேண்டும். இங்கே அது கிடைத்தது: தாயின் பெயர், "ஏழாவது பிரசவம்", வயது 45. பிரசவத்தைக் கண்ணால் பார்த்தவர் அன்றே எழுதியது. வயதைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்குக் காரணம் இல்லை. அந்தப் பதிவேடு இல்லாமலிருந்தால் மரபணுச் சோதனை பதில் தரும். தாயும் பிள்ளையும் டிஎன்ஏயில் பாதியைப் பகிர்வார்கள். பாட்டியும் பேரப்பிள்ளையும் ஏறத்தாழக் கால் பங்கு. ஆனால் வயதைச் சரிபார்க்க வந்த ஆய்வு ஒரு குடும்பத்தின் இரகசியத்தைத் தோண்டுவது முறையல்ல. அதற்கென்று தனிச் சம்மதம் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது.

மற்றத் தாள்களும் நினைவும்

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம். அதையொட்டித் தோட்டக் காரியாலயத்தில் நிரப்பிய பழைய அட்டைகளில் அப்போது சொன்ன வயது கிடக்கும். இவருடையது 1960இல் நிரப்பியது, வயது 31. கிளாக்கர் கேட்டு எழுதிய வயதுதான், ஓரிரு ஆண்டு கூடக்குறையலாம். இருந்தாலும் இது 1968இன் பிரதிக்கு முந்தியது. ஒரு தாளுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கும்: பிறந்த நாளுக்கு எவ்வளவு அருகில் எழுதப்பட்டது? எழுதியபோது அந்த வயதால் யாருக்காவது ஆதாயம் இருந்ததா? செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) பெயர் பதிந்த ஆண்டு அதைவிட நல்ல தடயம், ஆனால் இங்கே அந்தப் பழைய புத்தகங்கள் கிடைக்கவில்லை.

தம்பியின் பிறப்பு 1931இல் பதியப்பட்டிருக்கிறது. அவரை இடுப்பில் சுமந்து பிள்ளைக்காம்பராவுக்கு (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்துக்கு) கொண்டுபோய் விட்டதாக இவர் சொல்கிறார். ஒரு கைப்பிள்ளையைச் சுமக்க மூன்று நான்கு வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். ஆகவே 1928க்குப் பிந்திப் பிறந்திருக்க வாய்ப்புக் குறைவு.

நினைவைக் கேட்கும் முறை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "என்ன வயசு பாட்டி?" என்று தொடங்கினால் கோயில் பூசையில் கேட்ட எண்தான் திரும்பி வரும். மகனும் மருமகளும் பக்கத்தில் இருந்தால் அவர்களே பதிலை எடுத்துக் கொடுப்பார்கள். எண்ணை விட்டுவிட்டு வரிசையைக் கேட்க வேண்டும்: யார் மூத்தவர், யாருடைய சடங்கு முதலில் நடந்தது, வேலைக்குப் பேர் பதிந்தபோது துரை (தோட்ட முகாமையாளர்) யார், எந்த மலையில் முதலில் நிரை (பறிக்க ஒதுக்கும் செடி வரிசை) கிடைத்தது, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்ட கங்காணி (வேலை மேற்பார்வையாளர்) யார். "நடக்குது" என்று சொன்னால் அது நடப்பு வயது. முடிந்த வயதாக்க ஒன்றைக் கழிக்க வேண்டும். இந்த ஒற்றை ஆண்டுப் பிழை தொகுதி தொகுதியாகத் தரவில் புகுந்துவிடுகிறது.

நினைவை நம்புவதற்கு முன் அதையே சோதிக்க வேண்டும். 1955 ஜூன் 20இல் இலங்கையில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. அன்றைக்குப் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டபோது, "மூணாவது புள்ள தவழ்ந்துகிட்டிருந்தான், வெளிய விடாம கதவச் சாத்திக்கிட்டு உள்ள கெடந்தோம்" என்றார். மூன்றாவது பிள்ளை 1954 ஒக்டோபரில் பிறந்தவர். அன்றைக்கு எட்டு மாதம். பொருந்துகிறது. கிரகணம் இவருடைய வயதைச் சொல்லவில்லை, நினைவின் தரத்தைச் சொல்கிறது. அதன்பிறகுதான் பயனுள்ள கேள்வி: பெரியபிள்ளையானது எப்போது? "கூப்பன் அரிசி வந்ததுக்கு அடுத்த வருசம்." யுத்த காலப் பங்கீடு 1942இல் தொடங்கியதாகக் கொண்டால் அது 1943. போதிய சாப்பாடு இல்லாத அந்தத் தலைமுறைக்கு 13 முதல் 17 வயதுவரை இடம்விட்டால் 1926–1930. 1918இல் பிறந்தவரானால் 25 வயதில் பூப்படைந்திருக்க வேண்டும்.

எல்லா இடைவெளிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்: 1921க்குப் பின் பிறந்தவர், கடைசிப் பிரசவத்தை வைத்து 1926க்கு முந்தியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு, பூப்படைந்ததை வைத்து 1926–1930, மருத்துவமாதின் பதிவு, சேமலாப அட்டை இரண்டையும் வைத்து 1927 முதல் 1929வரை (ஓரிரு ஆண்டு கூடக்குறையலாம்), தம்பியை வைத்து 1928 அல்லது அதற்கு முன். பொது இடைவெளி 1926–1928, அதிலும் 1928 கூடப் பொருத்தம். 2019 மார்ச்சில் வயது 90 முதல் 93வரை.

மெதிலேற்றக் கடிகாரத்தை ஏன் நடுவராக வைக்கக்கூடாது

இந்த இடத்தில் எப்போதும் ஒரு கேள்வி வரும்: இரத்தத்தில் வயதைக் காட்டும் சோதனைதான் இருக்கிறதே, தாளுக்குப் பின்னால் ஏன் அலைய வேண்டும்?

டிஎன்ஏயில் குறிப்பிட்ட இடங்களில் மெதில் குறிகள் வயதோடு ஒழுங்காகக் கூடுகின்றன அல்லது குறைகின்றன. ஸ்டீவ் ஹோர்வத் 2013இல் 353 இடங்களை வைத்துப் பல திசுக்களுக்கும் பொதுவான ஒரு கடிகாரத்தை அமைத்தார். அதன் நடுத்தரப் பிழை ஏறத்தாழ 3.6 ஆண்டு. அதே ஆண்டு ஹன்னம் குழுவினர் இரத்தத்துக்கென்று 71 இடங்களை வைத்து இன்னொன்றை அமைத்தார்கள். நடுவயதில் இவை வியக்கத்தக்க அளவு சரியாக ஓடுகின்றன. முதிர்ந்த வயதில் குறைத்துக் காட்டத் தொடங்குகின்றன. இத்தாலியில் 105ஐக் கடந்தவர்களையும் நூறு வயதுக்காரர்களையும் வைத்து 2015இல் வெளியான ஆய்வில், நூறு வயதுக்காரர்கள் தம் உண்மை வயதிலிருந்து எதிர்பார்ப்பதைவிடச் சராசரி 8.6 ஆண்டு இளமையாகத் தெரிந்தார்கள்.

இதை நம் கோப்பில் வைத்துப் பாருங்கள். கடிகாரம் 84 என்று காட்டினால், 100 வயது என்று நம்புகிறவருக்கு அது 16 ஆண்டு இளமை. நீண்ட ஆயுளின் இரகசியம் கிடைத்ததாக எழுதத் தோன்றும். 91 என்று அறிந்தவருக்கு அது ஏழு ஆண்டு இடைவெளி. முதிர்ந்த வயதில் கடிகாரங்களுக்குள்ள வழக்கமான சரிவில் பெரும்பகுதி அடங்கிவிடும். கடிகாரத்தின் எண் இரண்டு கதைகளுக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கிறது. மெதுவாக முதுமையடையும் நூறு வயதுக்காரரையும் சாதாரணமாக முதுமையடைந்த தொண்ணூறு வயதுக்காரரையும் அது பிரிக்காது. "உயிரியல் வயது குறைவு" என்ற முடிவே உண்மை வயதைக் கழித்துப் பெறுவது என்பதால், உண்மை வயதை அதைக்கொண்டு நிறுவ முற்படுவது வட்டத்தில் சுற்றுவதாகும்.

கதிர்க்கரியும் இங்கே உதவாது. 1955க்குப் பின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கரி-14 பல் எனாமலிலும் கண்வில்லையின் நடுப்பகுதியிலும் பதிந்து நிற்கிறது. 1940களின் பிற்பகுதிக்குப் பின் பிறந்தவர்களுக்கு அது அருமையான முறை. 1918ஐயும் 1928ஐயும் அது பிரித்துக் காட்டாது.

மாதிரி எப்படி வைக்கப்பட்டது

வயது முடிவானபின் இந்த இரத்தத்துக்கு மதிப்பு உண்டு. தொண்ணூறு கடந்த, வயது உறுதியான மலையகப் பெண்ணின் மாதிரி அரிது. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ இட்ட ஊதா மூடிக் குழாய் இரண்டு, தலா 4 மில்லிலீற்றர். எடுத்ததும் எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் சிவப்பணு உடையும். ஒரு குழாய் டிஎன்ஏக்கு: 4 பாகை செல்சியஸில் சில நாள் தாங்கும், கண்டிக்கு இறக்கும்வரை பிரச்சினை இல்லை. ஐஸ் பொதி குழாயை நேரடியாகத் தொடக்கூடாது. உறைந்தால் வெள்ளையணுக்கள் சிதைந்து, பின்னர் கல வகைகளை எண்ண முடியாமல் போகும். மற்றது பிளாஸ்மாவுக்கு: இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிக் குறிகளை அளப்பதானால் சில மணித்தியாலத்துக்குள் சுழற்றிப் பிரித்து உறையவைக்க வேண்டும். லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கவே நேரம் போய்விடும் தோட்டங்களில், பக்கத்து ஆஸ்பத்திரியில் சுழற்றும் கருவிக்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்யாமல் இரண்டாவது குழாயை எடுக்கவே வேண்டாம். தாமதமான பிளாஸ்மா தரும் எண், எண் இல்லாததைவிட மோசம்.

மெதில் குறிகளைப் படிப்பதற்கு முன் செய்யும் பைசல்ஃபைட் மாற்றத்துக்கு, ஒரு மாதிரிக்கு 500 நானோகிராம் டிஎன்ஏ வசதியான அளவு. ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் தாளில் வயதோ பிறந்த ஆண்டோ "நூறு வயது" என்ற குறிப்போ இருக்கக்கூடாது; இலக்கம் மட்டும் போதும். இந்தக் கடிகாரங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் மாதிரிகளில் பழக்கப்பட்டவை. ஆகவே அதே தோட்டங்களிலிருந்து, ஐயத்துக்கிடமில்லாத சான்றிதழுள்ள ஐம்பது முதல் எண்பது வயதுவரையான சிலரின் மாதிரிகளை அதே தட்டில், இடம் கலைத்து வைத்து ஓட்ட வேண்டும். அந்த உள்ளூர் ஒப்பீடு இல்லாமல் வரும் விலகல், ஆளுடையதா முறையுடையதா என்று சொல்ல வழியில்லை. புகையிலை சேர்ந்த வெற்றிலை, பீடி, விறகடுப்புப் புகை ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும். ஏஎச்ஆர்ஆர் மரபணுவில் புகைத்தலின் தடம் தெளிவாகப் பதியும். இறப்பு அபாயத்தை மதிப்பிடும் கிரிம்ஏஜ் என்ற மெதிலேற்றக் கடிகாரம் புகைத்தலின் அளவையே ஓர் உறுப்பாகக் கணக்கில் சேர்க்கிறது.

உடல் அளவுகளிலும் ஒரு எச்சரிக்கை. காம்பராவின் தரை சரிவாக இருந்தால் நடை வேகம் பொய் சொல்லும்; கோயில் மண்டபத்தையோ பாடசாலை வராந்தாவையோ பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் கதிரை வழுக்கும், சுவரோடு ஒட்டி வைக்க வேண்டும். கைப்பிடிக் கருவியைக் கொழுந்து பறிப்பதுபோல விரல் நுனியால் பிடிப்பவர்கள் உண்டு. உள்ளங்கையில் பதித்து, முழங்கை மடித்து, ஒரு தடவை பழக்கிவிட்டு, பின்னர் குறைந்தது இரண்டு தடவை அளந்து பெரிய எண்ணை எடுக்க வேண்டும்.

முடிவும் பதிவும்

கோப்பு மூடப்பட்ட குறி: "கோரிய வயது 100, ஏற்கப்படவில்லை. மதிப்பிட்ட பிறந்த ஆண்டு 1926–1928. நூறு வயதுத் தொகுதியில் சேர்க்கப்படவில்லை. தொண்ணூறு கடந்தோர் தொகுதியில் இடைவெளி வயதோடு சேர்க்கப்பட்டது." பிறந்த ஆண்டை ஒற்றை எண்ணாக எழுதாமல் இடைவெளியாக எழுதியது முக்கியம், பின்னர் கணக்குப் போடுபவர் அந்த ஐயத்தையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும்.

இந்த முடிவு கிராம உத்தியோகத்தருக்கோ பிரதேச செயலகத்துக்கோ தோட்டக் காரியாலயத்துக்கோ போகக்கூடாது. அடையாள அட்டையும் குடியுரிமையும் அந்தச் சான்றிதழின்மேல் நிற்கின்றன. ஆய்வுக்காகத் திறந்து காட்டிய தகரப் பெட்டி அந்தக் குடும்பத்துக்கு எதிராகத் திரும்புவதற்கு ஆய்வாளர் இடம் கொடுக்கவே கூடாது. சம்மதத் தாளிலேயே இதை எழுதி, வாசித்துக் காட்டி, அதன்பிறகே பெட்டியைத் திறக்கச் சொல்ல வேண்டும். வீட்டாருக்கு முடிவைச் சொல்வதா என்பதை முன்கூட்டியே அவர்களிடம் கேட்டு வைத்திருக்க வேண்டும். இந்தக் குடும்பம் கேட்க விரும்பவில்லை, சொல்லப்படவும் இல்லை.

இரண்டு தாள்களில் ஒன்று கிடைத்தாலும் கோப்பு மீண்டும் திறக்கப்படும். ஒன்று, தோட்டப் பள்ளியின் 1930களின் சேர்வு இடாப்பு. ஆறேழு வயதில் எழுதிய பிறந்த ஆண்டு இடைவெளியை ஓர் ஆண்டுக்குச் சுருக்கிவிடும். மற்றது, 1925க்கும் 1930க்கும் இடையில் அதே தகப்பன் பெயரில், வேறு எழுத்துக்கூட்டில் பதியப்பட்ட பெண் பிள்ளை ஒன்றின் பிறப்புப் பதிவு. பக்கத்து டிவிஷன் 1926இல் வேறு பதிவாளர் பிரிவுக்குக் கீழ் இருந்ததா என்று இன்னும் பார்க்கப்படவில்லை. அடுத்த தேடல் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.